நூர் போய்ச் சேர்ந்தாளா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். இராச் சாப்பாடு முடிந்து இடியப்பத் தட்டுகள் இன்னும் மேசையை விட்டு அகலவில்லை. மின்விசிறியின் கீழே சாய்மனைக் கதிரையில் என் தாயார் கண்ணயர்ந்திருந்தார். அப்பொழுது மருமகளின் கைத்தொலைபேசி 'ணங்' என்று ஓர் ஒலி செய்தது. உயர்தர வகுப்பிற் படிக்கும் அந்தப் பெண், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிச் சென்று அதை எடுத்துப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "அவள் படகிலை ஏறப் போறாளாம்" என்றாள்.

வீடு முழுவதும் விழித்துக்கொண்டது. "ஆர் பிள்ளை? எந்தப் படகு?" என்று என் தாயார் எழுந்து உட்கார்ந்தார். தங்கை ஈரக் கையுடன் குசினியிலிருந்து வந்தாள். "நூர்" என்றாள் மருமகள். நூர் யார், எந்த வகுப்புத் தோழி, எந்த ஊர்ப் பிள்ளை, எவருடன் புறப்பட்டாள் என்று கேள்விகள் நாலா பக்கத்திலிருந்தும் பாய்ந்தன. ஐந்து நிமிடம் கழிந்த பின்னரே, நூர் சிரியா தேசத்தவள் என்பதும், அவள் ஒரு கதையின் நாயகி என்பதும், அக்கதை தொலைபேசிக்குள்ளே நடக்கிறதென்பதும் தெரியவந்தன. தங்கை தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குத் திரும்பினாள். என் தாயார் மாத்திரம் மறுபடி சாயவில்லை. "அப்ப ஏறினவளோ, இல்லையோ?" என்று கேட்டார்.

இவ்வாரம் இப்பத்தியில் எழுத எண்ணியிருந்த விஷயம் வேறொன்று. அந்தக் கேள்வி அதனைப் பின்னே தள்ளிவிட்டது.

அக்கதையின் பெயரைத் தமிழிற் சொன்னால் 'என்னைப் புதைத்துவிடு, அன்பே' என்று வரும். 2017-ம் ஆண்டு பிரான்ஸ் தேசத்திலே 'பிக்செல் ஹன்ற்' என்னும் சிறு குழுவினரும் அவர்களோடு சேர்ந்தோரும் ஆக்கி வெளியிட்டது. ஹொம்ஸ் நகரிலே யுத்தத்தின் நடுவே வாழும் தம்பதிகள் இருவர். மனைவி நூர் ஐரோப்பாவை நோக்கிப் புறப்படுகிறாள். கணவன் மஜ்த், வீட்டிலுள்ள முதியோரை விட்டு வர இயலாமல் தங்கிவிடுகிறான். வாசகர் இருப்பது மஜ்தின் இடத்தில். நூரைக் கண்ணால் நடத்திச் செல்ல அவருக்கு வழியில்லை. அவள் எழுதும் செய்திகளைத் தொலைபேசியிற் படிக்கலாம், கீழே காட்டப்படும் இரண்டு மூன்று மறுமொழிகளில் ஒன்றைத் தெரிந்து அனுப்பலாம், அவ்வளவே. 'அந்த ஆளை நம்பாதே' என்று எழுதலாம். 'காசைப் பாராதே, பேருந்தில் போ' என்று எழுதலாம். அவள் கேட்டாலும் கேட்பாள், கேளாமலும் விடுவாள். பிறகு 'நான் புறப்படுகிறேன்' என்று ஒரு வரி வரும். அதன்பின் மணிக்கணக்காக ஒன்றும் வராது. மருமகள் பாடசாலையில் இருக்கும்போதோ, குளிக்கும்போதோ, இராச் சாப்பாட்டின்போதோ திடீரென அடுத்த செய்தி வந்து 'ணங்' என்கும். கதையில் வரும் முடிவுகள் 19. அவற்றுட் சிலவற்றில் நூர் கரையேறுகிறாள், சிலவற்றில் இல்லை.

இது வெறுங் கற்பனையுமன்று. 2015-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்து 'லு மொண்ட்' பத்திரிகை, சிரியாவிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ஓர் இளம்பெண் வழிநெடுகத் தன் குடும்பத்தாருடன் வட்ஸ்அப் மூலம் நடத்திய சம்பாஷணையை அப்படியே எடுத்து வெளியிட்டிருந்தது. அதைப் படித்ததன் பயனாகவே இக்கதை பிறந்தது. அப்பெண்ணும் ஆக்கியோருக்கு வேண்டிய ஆலோசனைகளைச் சொல்லி உதவினாள்.

தலைப்பின் பொருளை மருமகள் தன் ஆச்சிக்கு விளக்கினாள். சிரிய மக்களின் பேச்சு வழக்கில், உயிருக்குயிரானவரைப் பார்த்து 'நீ என்னைப் புதைக்க வேண்டும்' என்று சொல்வதுண்டாம். உன் சாவை நான் காணாதிருக்க வேண்டும், உனக்கு முன்னே நான் போய்விட வேண்டும் என்பது கருத்து. என் தாயார் இதிலே புதுமை எதையும் காணவில்லை. "எங்கடை ஆக்களும் சொல்லுறதுதானே? எனக்குக் கொள்ளி வைக்கிற பிள்ளை நீ எண்டு" என்றார்.

நிற்க. தொலைபேசியில் வாசகரே வழி தெரிந்து நடத்தும் இக்கதைகள் நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால் இரண்டு தகப்பன்மார் எதிர்ப்படுகிறார்கள். இருவருக்கும் பெண் பிள்ளைகள். இருவரும் அப்பிள்ளைகளின் பொருட்டே முதற் கதையைச் செய்தவர்கள்.

ஒருவர் எட்வேட் பக்காட் என்னும் அமெரிக்கச் சட்டத்தரணி. இராவேளைகளில் மகள்மாருக்குக் கதை சொல்லி வந்தார். ஒரு நாள் கற்பனை வற்றிவிட்டது. சட்டத்தரணிகளுக்கும் அது நேர்வதுண்டு போலும்! தீவொன்றில் அகப்பட்ட கதாநாயகனை அடுத்து என்ன செய்விப்பதென்று தெரியாமல், "நீங்கள் அவனாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பிள்ளைகளையே கேட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு வழியைச் சொன்னார்கள். இரண்டையும் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து 1969-ம் ஆண்டில் அவர் எழுதிய புத்தகத்தைப் பிரசுரிக்க நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை. 1976-ம் ஆண்டில் ஒரு சிறு பதிப்பகம் அதனை வெளியிட்டது. 1979-ம் ஆண்டிலே பாண்டம் என்ற பெரிய பதிப்பகத்தார், 'இவ்வழி செல்வதாயின் இன்ன பக்கத்துக்குப் போ, அவ்வழியாயின் இன்ன பக்கத்துக்குப் போ' என்று பக்கத்துக்குப் பக்கம் கிளைவிடும் புத்தக வரிசையைத் தொடங்கினார்கள். அவ்வரிசை இருபத்தைந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று.

அவற்றைப் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு களவு செய்தார்கள். தாம் தெரிந்த வழி ஆபத்தில் முடிந்துவிட்டால் திரும்பி வருவதற்காக, பழைய பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்துக்கொள்வார்கள். பக்காட் அதனை அறியாதவரல்லர். 1982-ம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு விண்கப்பற் கதையிலே இன்ப உலகம் ஒன்று வருகிறது. அதைக் கூறும் பக்கத்துக்கு எந்த வழியைத் தெரிந்தாலும் போய்ச் சேர முடியாது. விதியை மீறிப் புத்தகத்தை வெறுமனே புரட்டுகிறவன் கையிலேதான் அது அகப்படும். எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது. தொலைபேசிக் கதைகளில் பெரும்பாலானவை விரல் செருக இடம் தருவதில்லை. அனுப்பிய மறுமொழி அனுப்பியதே.

மற்றவர் வில்லியம் குரவுதர். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான முதல் வலையமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஓய்வு நேரங்களிற் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் தயாரிப்பவர். மண வாழ்வு முறிந்து மனைவியைப் பிரிந்த காலத்தில், தம்மைப் பார்க்க வரும் மகள்மார் விளையாடுவதற்கென்று, 1975, 1976-ம் ஆண்டளவில் ஒரு கணினிக் கதையை எழுதினார். கென்டக்கி மாநிலத்து மமத் குகையை அவர் நன்கு அறிவார். அக்குகையே கதையிலும் வந்தது. படங்கள் கிடையா. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று எழுத்திலே கட்டளையிட வேண்டும். நேர்ந்ததைக் கணினி எழுத்திலே சொல்லும். 1977-ம் ஆண்டில் டொன் வூட்ஸ் என்ற ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து இளைஞர் அதனை விரிவாக்க, அமெரிக்காவிற் கணினி இருந்த இடமெல்லாம் வேலை கெட்டது.

இத்தகைய கதையை எழுதுவது இலேசான காரியமன்று. கணக்குத் தெரிந்த மாணவர் உடனே காண்பர். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழிகள் என்றால், பத்துத் திருப்பங்களில் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். இருபது திருப்பங்களில் பத்து இலட்சத்தையும் கடந்துவிடும். எந்த எழுத்தாளனுக்கும் ஆயுள் போதாது. ஆகவே வயல்களுக்கு நீர் பாய்ச்சும் உபாயத்தையே கையாளுகிறார்கள். வாய்க்கால் இரண்டாகப் பிரியும். இரு வயல்களையும் நனைத்தபின் மீண்டும் ஒன்றாகக் கூடும். கூடினாலும் எவ்வழியாக வந்தீர்கள் என்பதை யந்திரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். முதலாம் அத்தியாயத்தில் நண்பனிடம் ஒரு பொய் சொல்லியிருந்தால், ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் உங்களை வரவேற்கும் வாக்கியத்தில் ஒரு சொல் குளிர்ந்திருக்கும். வல்லவர்களின் திறமை அந்த ஒரு சொல்லிலேதான் இருக்கிறது.

இவ்வித்தையிற் கைதேர்ந்தவர்கள் கேம்பிரிட்ஜ் நகரத்து 'இங்கிள்' குழுவினர். ஜூல் வேர்ன் எழுதிய, எண்பது நாட்களில் உலகத்தைச் சுற்றிய கதையை வாசகர்கள் அறிவர். அதனை அவர்கள் 2014-ம் ஆண்டிலே தொலைபேசிக்கேற்ற கதை விளையாட்டாக்கினார்கள். எழுத்தைப் பெரும்பாலும் ஆக்கியவர் மெக் ஜயந்த் என்ற பெண்மணி. நாம் எசமானாகிய பொக் துரை அல்லோம். பெட்டி சுமக்கும் வேலைக்காரன் பாஸ்பார்ற்று! எந்தக் கப்பல், எந்தப் புகைவண்டி, எந்தச் சட்டை விற்பனைக்கு என்பதெல்லாம் நம் தலையில். வெளிவந்தபோதே அதில் ஐந்து இலட்சம் சொற்களுக்கு மேல் இருந்தன. ஒருமுறை உலகைச் சுற்றி வருபவர் அவற்றில் ஒரு சிறு பகுதியையே காண்பார். இக்காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று முறையிடும் பெரியோர்கள் இத்தொகையைச் சிறிது சிந்திக்க வேண்டும்.

நேரத்தைக் கதையின் கருவியாக்கிய முயற்சிகளில் 2015-ம் ஆண்டு வெளிவந்த 'லைப்லைன்' முக்கியமானது. டேவ் ஜஸ்ரஸ் எழுதியது. விண்கலம் நொறுங்கி, வேறோர் உலகத்துச் சந்திரனிலே தனித்துப்போன ரெயிலர் என்ற மாணவர் நம்மோடு செய்தியிற் பேசுகிறார். அவர் நெடுந்தூரம் நடந்தால் அத்தனை நேரமும் நாமும் காத்திருக்க வேண்டும். ரெயிலர் ஆணா பெண்ணா என்பதைக் கதை சொல்வதேயில்லை. அவரவர் மனத்திலே ஒரு குரல் கேட்கிறது. காத்திருத்தலைக் கதையாக்கியவர்கள் இவர்கள். அதே காத்திருத்தலைக் கடைச்சரக்காக்கியவர்களும் உளர். அவர்களைப் பற்றிப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

'எபிசோட்', 'சொய்சஸ்' முதலிய செயலிகளை நம் பெண் பிள்ளைகள் பலர் அறிவர். காதற் கதைகளே மிகுதி; சில வளர்ந்தோருக்கு மட்டுமே உரியவை. தொடங்குவதற்குக் காசு வேண்டியதில்லை. ஓர் அத்தியாயத்தைத் திறக்க ஒரு சாவியோ அனுமதிச் சீட்டோ தேவை. தீர்ந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது வாங்க வேண்டும். அப்பால் வைரங்கள் உண்டு. கதாநாயகிக்கு விருந்தொன்றுக்கு அழைப்பு வருகிறது. அழகிய உடையை அணிவதற்கு இத்தனை வைரம். பழைய சட்டையோடு செல்வதற்கு ஒன்றுமில்லை. காதலனிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல இத்தனை வைரம். வாயை மூடிக்கொண்டு வீடு திரும்ப ஒன்றுமில்லை. இலவசமான வழியை வேண்டுமென்றே அவமானம் நிறைந்ததாக எழுதுகிறார்கள். உண்மை பேசக் காசு கேட்கும் கதையை நான் இங்கேதான் கண்டேன். ரூபாவென்று சொன்னால் பிள்ளை யோசிக்கும், வைரமென்றால் யோசிப்பதில்லை. இதிலே சூட்சுமம் அவ்வளவுதான்.

என் நண்பர் ஒருவர், இவ்விரண்டும் அல்லாத வேறொரு செயலியினால் ஒரே மாதத்தில் 18,000 ரூபாவை இழந்தார். அவருடைய வங்கி அட்டை எண் தொலைபேசியிலே பதிந்து கிடந்தது. மகளுக்கு வயது பதின்மூன்று. அவளை அவர் கடிந்துகொண்ட முறை எனக்குச் சம்மதமில்லை. பூட்டாத பெட்டியைப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தவர் அவரேயல்லவா? இது நம்மூர்க் குறைபாடு மட்டுமன்று. பெற்றோர் அறியாமற் பிள்ளைகள் செயலிகளுக்குள்ளே வாங்கியவை பற்றி எழுந்த வழக்குகளில், 2014-ம் ஆண்டு சனவரியில் அப்பிள் நிறுவனம் மூன்று கோடியே இருபத்தைந்து இலட்சம் டொலருக்குக் குறையாமலும், அவ்வருடமே கூகிள் நிறுவனம் ஒரு கோடியே தொண்ணூறு இலட்சம் டொலருக்குக் குறையாமலும் திருப்பிக் கொடுக்க அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவிடம் உடன்பட்டன. இப்பொழுது ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி தொலைபேசியைத் திருத்தி வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. இன்றிரவே செய்துவிடுங்கள்.

ஆயினும் வைரக் கடையைப் பார்த்துவிட்டு வீதி முழுவதையும் வெறுப்பது நியாயமாகாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வேறொரு தடை சொன்னார். வாசகன் விருப்பப்படி வளையும் கதை, கதையே அல்ல என்பது அவர் கட்சி. "சிலம்பைப் பொற்கொல்லனிடம் காட்டாதே என்று ஒரு பொத்தானை வைத்தால் கோவலன் பிழைப்பான், காப்பியம் செத்துவிடும்" என்றார். இதற்கு எனக்கு நெடுநாள் விடை கிடைக்கவில்லை. ஊழ்வினை வந்து உருத்தும் கதையிலே வாசகனுக்கு வேலையில்லை என்பது மெய்தான். ஆனால், கோவலன் புறப்பட்டுப் போகும்போது வழியனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறாள் கண்ணகி. அவளுடைய இடத்தில் நம்மை இருத்தி, 'போய் வாருங்கள்' என்று நம் விரலாலேயே அனுப்பச் செய்யும் கதை ஒன்று இருந்தால்? போனவன் திரும்பாவிட்டால், ஊழின் மேற் பழி போட நமக்கு வழியிராது. நூரின் கதை அத்தகையது. ஆசிரியர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு இரவுக்கு வருகிறேன். நூர் துருக்கிக் கரையில் நின்றாள். எதிரே கிரேக்கத் தீவு. மருமகளின் திரையிலே மறுமொழிகள் காத்திருந்தன. ஆங்கிலத்தில் இருந்தவற்றை அவள் ஆச்சிக்குத் தமிழிற் சொன்னாள். என் தாயார் நெடுநேரம் பேசவில்லை. 1984-ம் ஆண்டில் என் தமையனார் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்குப் புறப்பட்டார். அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைவது அக்காலத்தில் நம் இளைஞர் பலர் சென்ற வழி. அவர் புறப்பட்ட பின் முதற் கடிதம் வர நாற்பத்தொரு நாள் சென்றது. அந்த நாற்பத்தொரு நாளும் தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் என் தாயார் வாசலுக்குப் போகமாட்டார். என்னை அனுப்பிவிட்டு அடுப்படியில் நிற்பார். தமையனார் இன்று ஜெர்மனியில் பேரப்பிள்ளை கண்டவர். ஒவ்வொரு வாரமும் முகம் பார்த்துப் பேசுகிறார். ஆனாலும் அந்த மணியொலியை என் தாயார் இன்னும் விரும்புவதில்லை.

"ஏறச் சொல்லு" என்றார் கடைசியில். "இவ்வளவு தூரம் வந்த பிள்ளை, இனி எங்கை திரும்பிப் போறது?"

மருமகள் அனுப்பினாள். அன்றிரவு செய்தி வரவில்லை. நானும் அங்கேயே தங்கினேன். விடியற்காலை தேநீர் ஊற்றும்போது என் தாயார் கேட்ட முதற் கேள்வி, "அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்ததோ?" என்பதுதான். அன்று மத்தியானம் மருமகள் பாடசாலையிலிருந்து வந்தபோது அவள் முகத்திலேயே விடை இருந்தது. கதை முடிந்துவிட்டது; நல்ல முடிவன்று. ஆச்சியைத் தேற்றும் எண்ணத்துடன், "இன்னும் பதினெட்டு முடிவு இருக்கு ஆச்சி. முதலிலை இருந்து தொடங்குவம். இந்த முறை படகிலை ஏற விடாமல் பாப்பம்" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை" என்றார் என் தாயார். "இனித் தொடங்கினால் அது வேறை ஒரு பிள்ளை."

மருமகள் பிறகு அதைத் தொடங்கவில்லை. இப்போது தானே ஒரு கதை எழுதுகிறாள். 'ருவைன்' என்றொரு இலவசக் கருவி இருக்கிறது. கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009-ம் ஆண்டில் வெளியிட்டது. கணினி மொழி பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை எழுதி, அதிலிருந்து செல்லும் வழிகளின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால், அடுத்த பக்கங்கள் தாமே முளைக்கின்றன. தமிழிலும் எழுதலாம், முடிந்த கதையைத் தொலைபேசியிலே படிக்கலாம். எழுத விரும்பும் மாணவர்கள் இதனைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அவள் கதை 1984-ம் ஆண்டில், கொழும்பிலே, ஒரு சிறிய தோற்பெட்டியுடன் தொடங்குகிறது. பெட்டியில் என்னென்ன இருந்தன என்று ஆச்சியிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். பனங்கட்டியும் ஒரு போர்வையும் அதில் உண்டு.

போன கிழமை என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். கடிதம் வராத நாட்களைப் பற்றிய பக்கத்தை எழுதிவிட்டாளாம். "மாமா, அந்த நேரம் ஆச்சிக்கு என்னென்ன செய்யக்கூடியதாய் இருந்தது?" என்றாள்.

எனக்கு ஞாபகமிருப்பதைச் சொன்னேன். சொல்வதற்கு அதிகமில்லை. "அப்ப இந்தப் பக்கத்துக்கு ஒரு பொத்தான்தான்" என்றாள். நாற்பத்தொரு பக்கமும் அப்படியே எழுதப் போகிறாளாம். அது வாசகருக்குச் சலிப்பாயிராதா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல், பெட்டியில் இருந்த போர்வையின் நிறம் என்ன என்று கேட்டாள். ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும்.